ஆறே நிமிடத்தில் மின்னூட்டம் பெறும் கம்பியில்லா ஒலிபெருக்கி: வீட்டிலேயே செய்யும் முறை

1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் பரவியபோது, திருச்சி வானொலி வழியாக அதைக் கேட்டறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டிவிட்டனர். வயலில் வேலை நடக்கும்போதே காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது அன்றுமுதல் நம் உழவர்களின் பழக்கம். இன்று வானொலி, வானிலை அறிவிப்பு, பண்ணை ஆலோசனை எல்லாம் அலைபேசிக்குள் வந்துவிட்டன. ஆனால் அலைபேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கி மோட்டார் சத்தத்திலும் காற்றிலும் எடுபடுவதில்லை. நடவு வயலில் பத்துப் பேர் கேட்கவேண்டுமானால் தனி ஒலிபெருக்கி தேவைப்படுகிறது.

இதற்காகக் கடையில் புளூடூத் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் பலர். வாங்கிய சில மாதங்கள் நன்றாகப் பாடும். தகரக் கூரை வேய்ந்த மோட்டார் கொட்டகையில் இரண்டு கோடை கழிந்ததும் உள்ளிருக்கும் லித்தியம் பேட்டரி உப்பிவிடும், அல்லது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியைத் தவிர மற்ற பாகங்களில் குறை எதுவும் இராது. இருப்பினும் அது குப்பைக்கே போகிறது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்னூட்டம் செய்யலாகாது என்பது பொதுவான விதி. சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகை இந்த விதியை மதிப்பதில்லை.

பேட்டரிக்குப் பதிலாக சூப்பர் கெபாசிட்டரை வைத்து ஒலிபெருக்கி செய்துகொள்ளும் முறையை இக்கட்டுரையில் விளக்குகிறோம். சாலிடர் வைக்கவும் மல்டிமீட்டர் பார்க்கவும் தெரிந்தவர் ஒரு நாளில் செய்து முடிக்கலாம். தெரியாதவர், ஊரில் மோட்டார் ஸ்டார்ட்டர் பழுது பார்ப்பவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நலம்.

சூப்பர் கெபாசிட்டர் என்பது என்ன?

உங்கள் பம்புசெட் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் 'கண்டென்சரை' நீங்கள் அறிவீர்கள். அதுவும் மின்தேக்கிதான். அதன் கொள்ளளவு சுமார் 50 மைக்ரோ ஃபாரட் இருக்கலாம். நாம் பயன்படுத்தப்போகும் தேக்கி ஒவ்வொன்றும் 500 ஃபாரட். அதாவது ஒரு கோடி மடங்கு! ஆனால் மோட்டார் கண்டென்சர் 440 வோல்ட்டைத் தாங்கும். இது தாங்குவதோ 2.7 வோல்ட் மட்டுமே. ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க எண்ணவே கூடாது. சூப்பர் கெபாசிட்டரை வீட்டு மின்சாரத்தில் நேரே இணைத்தால் அது வெடித்துவிடும்.

இவ்வளவு கொள்ளளவு எப்படி வந்தது? உள்ளே இருப்பது முடுக்கப்பட்ட கரி. இந்தக் கரியைத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் தயாரிக்கிறார்கள். கொங்கு நாட்டில் தொட்டி என்றும், சென்னைப் பக்கம் கொட்டாங்கச்சி என்றும் சொல்லி நாம் அடுப்பில் எரிக்கிற அதே பொருள்தான். ஒரு கிராம் கரியில் உள்ள நுண்துளைகளின் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால் ஏறத்தாழ 1,500 சதுர மீட்டர், அதாவது 37 சென்ட் நிலம் அளவுக்கு வரும். அந்தப் பரப்பெல்லாம் மின்னூட்டம் ஒட்டிக்கொள்ளும் இடம். 1978-ல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் இதைக் கணிப்பொறிகளின் நினைவகத்தைக் காக்க விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பேருந்து முதல் காற்றாலை வரை பல இடங்களில் இது பயன்படுகிறது.

பேட்டரியில் இரசாயன மாற்றம் நடந்து மின்சாரம் சேமிக்கப்படுகிறது. தேக்கியில் அவ்வாறு நடப்பதில்லை. மின்னூட்டம் கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு விடுபடுகிறது. ஆகையால் நிமிடக் கணக்கில் நிரப்பலாம். லித்தியம் பேட்டரி சில நூறு முறை நிரப்பிக் காலியாக்குவதற்குள் தளர்ந்துவிடும். நல்ல தேக்கியின் மீது 5 இலட்சம் முறை என்று குறித்திருப்பார்கள். வெப்பமும் 65 டிகிரி வரை தாங்கும். எனினும் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பம் குறையும்போதும் அதன் ஆயுள் சுமார் இரு மடங்காகிறது என்பதால், நிழலில் வைப்பதே சிறந்தது.

தொட்டிக் கணக்கு

தேக்கியை நேர்ச்சுவர் கொண்ட தண்ணீர்த் தொட்டியாக எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டியின் தரைப்பரப்பு ஃபாரட், நீர்மட்டம் வோல்ட். நீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்குவதுபோல, மின்சாரம் எடுக்க எடுக்க வோல்ட் இறங்கிக்கொண்டே வரும். பேட்டரி அவ்வாறு இல்லை. அது தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் நிற்கும். இந்த வேறுபாட்டை மறந்து, பேட்டரி இருந்த இடத்தில் தேக்கியை நேராக இணைத்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மேல்மட்டத்து நீர் அதிக உயரத்திலிருந்து விழுவதால் அதற்கு வேகம் அதிகம். அதேபோல மேல் வோல்ட்டில் இருக்கும் மின்னூட்டத்துக்கே ஆற்றல் அதிகம். வோல்ட் பாதியாக இறங்கினால் மீதியிருக்கும் ஆற்றல் பாதி அன்று, கால் பங்குதான். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி, அதை ஃபாரட்டால் பெருக்கி, பாதியாக்கினால் ஆற்றல் ஜூல் கணக்கில் கிடைக்கும். ஒரு வாட் திறனை ஒரு விநாடி செலவிட்டால் ஒரு ஜூல்.

500 ஃபாரட், 2.7 வோல்ட் தேக்கிகள் ஆறினை வரிசையாகத் தொடுத்தால் 16.2 வோல்ட் தாங்கும். ஆனால் தொடரில் கொள்ளளவு ஆறில் ஒரு பங்காகி, 83 ஃபாரட் கிடைக்கும். நாம் 15 வோல்ட் வரை மட்டும் நிரப்பி, 6 வோல்ட் வரை பயன்படுத்துவோம். இதில் எடுக்கக்கூடிய ஆற்றல் ஏறத்தாழ 7,875 ஜூல். இடையில் உள்ள மின்னணுப் பலகையின் இழப்பு நூற்றுக்குப் பதினைந்து என்று கழித்தால் 6,700 ஜூல் மிஞ்சும். பேச்சும் மிதமான பாட்டும் கேட்கச் சராசரியாக ஒரு வாட் போதும் என்று கொண்டால், ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். முழுச் சத்தத்தில் 5 வாட் இழுத்தால் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது முறை. கைவிரல் அளவுள்ள ஒரே ஒரு லித்தியம் பேட்டரி, நாம் இந்த ஆறு தேக்கிகளிலிருந்து எடுப்பதைப்போல நான்கு மடங்கு ஆற்றல் கொள்ளும். ஆகவே நாள் முழுதும் பாட்டுக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கும், மின்சாரமே இல்லாத தொலைவுக் காட்டுக்குக் கொண்டுபோவோருக்கும் இது ஏற்றதன்று. நாள்தோறும் மோட்டார் கொட்டகைக்குப் போய்வருபவர், மின்சாரம் வந்த சிறிது நேரத்தில் நிரப்பிக்கொண்டு, வேலை நேரத்தில் ஒன்றிரண்டு மணி கேட்டு, மறுபடி நிரப்பிக்கொள்ளக் கூடியவர் ஆகியோருக்கே இது பொருந்தும். கிளி, மயில் விரட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஒலி அந்த அளவுக்குப் போதாது. பறவைகளும் ஒரே சத்தத்துக்குச் சில நாட்களில் பழகிவிடும்.

தேவையான பொருட்கள்

ஆறு தேக்கிகளும் சமன்செய்யும் பலகையும் சேர்ந்து '16 வோல்ட், 83 ஃபாரட்' என்று ஒரே கட்டாகக் கிடைக்கிறது. தனித்தனியாக வாங்கிச் சேர்ப்பதைவிடக் கட்டாக வாங்குவது மேல். ஒவ்வொரு தேக்கியும் 35 மில்லிமீட்டர் குறுக்களவும் 60 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. செலவில் பெரும்பகுதி இதற்கே ஆகும்.

15 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்க எம்.பி. 1584 என்னும் சிறு பலகை ஒன்று. 5 வோல்ட்டில் இயங்கும் புளூடூத் ஆம்ப்ளிஃபயர் பலகை ஒன்று, பி.ஏ.எம். 8403 சில்லு உள்ள 3+3 வாட் பலகை போதும். 3 அங்குல, 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு. 1என் 5822 டயோடு ஒன்று. 3 ஆம்பியர் கண்ணாடி ஃபியூசும் அதன் கூடும். ஒரு ஸ்விட்ச், சார்ஜ் செருகி, சிறு வோல்ட்மீட்டர், அதற்கு ஓர் அழுத்து பொத்தான்.

பெட்டிக்கு மரம் தேடி அலைய வேண்டியதில்லை. பாசனக் குழாய் பதித்தபோது மிஞ்சிய 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் ஒன்றரை அடித் துண்டு போதும். இரும்புக் குழாய் வேண்டாம். அது புளூடூத் அலையை மறித்துவிடும்.

மின்னூட்டம் செய்யும் பகுதி தனியாக, கொட்டகைச் சுவரிலேயே நிலையாக இருக்கட்டும். அதற்குப் பழைய மடிக்கணினியின் 19 வோல்ட், 65 வாட் அடாப்டர் ஒன்றும், எக்ஸ்.எல். 4015 பலகை ஒன்றும் வேண்டும். வோல்ட்டுக்கு ஒரு திருகும் ஆம்பியருக்கு ஒரு திருகும் உள்ள பலகையாகக் கேட்டு வாங்கவும். வோல்ட் திருகு மட்டும் உள்ள பலகை இதற்கு உதவாது.

ஆம்பியர்க் கட்டுப்பாடு ஏன் அவசியம்?

காலியான தேக்கி மின்சாரத்துக்கு வெறும் கம்பி மாதிரி. எவ்வளவு கொடுத்தாலும் இழுத்துக்கொள்ளும். நாங்கள் முதலில் செய்து பார்த்தபோது, அவசரத்தில் அடாப்டரை நேராகத் தேக்கியில் தொட்டுவிட்டோம். அடாப்டர் 'டிக் டிக்' என்று அணைந்து அணைந்து எரிந்ததே தவிர, ஒரு வோல்ட்கூட ஏறவில்லை. பாதுகாப்பு இல்லாத மலிவு அடாப்டராக இருந்தால் கருகியிருக்கும். இன்னொரு பக்கம், விட்டுவைத்தால் அது 19 வோல்ட் வரை ஏற்றித் தேக்கியையும் கெடுத்துவிடும். வாய்க்காலில் மதகு வைப்பதுபோல, எவ்வளவு வேகத்தில் பாய வேண்டும், எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்ற இரண்டையும் எக்ஸ்.எல். 4015 பலகை பார்த்துக்கொள்ளும்.

முதலில் அடாப்டரைப் பலகையின் உள்வழியில் இணைத்து, வெளிவழியில் எதையும் இணைக்காமல், வோல்ட் திருகைத் திருப்பி 15.2 வோல்ட் வைக்கவும். பிறகு மல்டிமீட்டரின் சிவப்பு முள்ளை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வெளிவழியின் இரு முனைகளிலும் சில விநாடி மட்டும் வைத்து, ஆம்பியர் திருகால் 2 ஆம்பியர் வைக்கவும். வேலை முடிந்ததும் சிவப்பு முள்ளை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றிவிடவும். இதை மறந்து தேக்கியை அளக்கப் போனால் மீட்டருக்குக் கேடு. இந்தப் பலகையில் உள்வழி மைனசையும் வெளிவழி மைனசையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. சேர்த்தால் ஆம்பியர்க் கட்டுப்பாடு வேலை செய்யாது.

இணைக்கும் முறை

தேக்கிக் கட்டின் பிளஸ் முனையை ஒட்டியே ஃபியூசை வைக்கவும். நீண்ட கம்பி விட்டு ஃபியூஸ் வைத்தால், அந்தக் கம்பி உரசும் இடத்தில் பாதுகாப்பு இல்லை. ஃபியூசிலிருந்து ஒரு வழி ஸ்விட்ச் மூலம் எம்.பி. 1584 பலகைக்குப் போகும். மற்றொரு வழி டயோடு மூலம் சார்ஜ் செருகிக்குப் போகும். டயோடின் வெள்ளைக் கோடு உள்ள பக்கம் தேக்கியை நோக்கி இருக்கவேண்டும். செருகித் துளையில் ஆணியோ சாவியோ பட்டாலும் தேக்கி வெளியே பாயாமலும், பிளஸ் மைனஸ் மாறிச் செருகினாலும் கெடாமலும் இந்த டயோடு காக்கும். வோல்ட்மீட்டரை அழுத்து பொத்தான் வழியாக இணைக்கவும். அழுத்தும்போது மட்டும் காட்டினால் போதும்.

எம்.பி. 1584 பலகையைப் புளூடூத் பலகையுடன் சேர்ப்பதற்கு முன் வெளி வோல்ட்டை 5-க்குச் சரிசெய்துவிட வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. பி.ஏ.எம். 8403 சில்லு 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது.

ஸ்பீக்கர் கம்பிகள் நான்கும் பலகையில் தத்தம் இடத்துக்கே செல்லவேண்டும். பழைய வானொலிப் பெட்டிகளில் செய்வதுபோல ஸ்பீக்கர் மைனசை எல்லாம் சேர்த்துப் பொது மைனசில் இணைத்தால் இந்தச் சில்லு எரிந்துவிடும்.

குழாயின் இரு வாயிலும் 12 மில்லிமீட்டர் பிளைவுட் வட்டம் அறுத்துப் பொருத்தி, பக்கத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வைக்கவும். வரப்பில் வைத்தால் இரண்டு பக்கமும் கேட்கும். இரண்டு ஸ்பீக்கரின் கூம்பும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளவேண்டும் என்பது முக்கியம். 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு கணம் தொட்டுப் பார்த்தால் கூம்பு வெளியே தள்ளுகிறதா, உள்ளே இழுக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். வெளியே தள்ளும்போது செல்லின் பிளஸ் பட்ட முனையே ஸ்பீக்கரின் பிளஸ். ஒன்று தள்ள ஒன்று இழுத்தால் அடித்தொண்டை ஒலி காணாமல் போய், பேச்சு தகரத்தில் அடித்ததுபோல் இருக்கும். காற்றுக் கசியாமல் விளிம்பை ஒட்டவும். உள்ளே கைப்பிடி இலவம்பஞ்சைத் தளர்வாக, மின்னணுப் பலகைகளின் மேல் படாமல் வைத்தால் எதிரொலி அடங்கும். தேக்கிக் கட்டு ஆடாமல் மரச்சட்டத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

போலித் தேக்கியைக் கண்டுபிடித்தல்

உறையில் 500 என்று அச்சிட்டு, உள்ளே பாதிகூட இல்லாத தேக்கிகளும் கழற்றி எடுத்த பழைய தேக்கிகளும் சந்தையில் உலவுகின்றன. பணம் போட்டு ஏமாறாமல் இருக்கக் கைக்கடிகாரம் ஒன்றே போதும். 2 ஆம்பியரில் மின்னூட்டம் செய்யும்போது, தேக்கி முனையில் 5 வோல்ட்டிலிருந்து 14 வோல்ட் ஏற எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். சரியான தேக்கிக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 15 விநாடி ஆகும். மூன்றே நிமிடத்தில் ஏறிவிட்டால் மகிழ வேண்டாம்; தொட்டி பாதி அளவுதான் என்று பொருள். உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கும்போதே இந்தச் சோதனையைச் சொல்லி, திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குவது நல்லது.

அடுத்து, 15 வோல்ட் நிரம்பிய நிலையில் ஆறு தேக்கிகளையும் தனித்தனியே அளக்கவும். ஒவ்வொன்றிலும் 2.5 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். தொடரில் எல்லாத் தேக்கிக்கும் ஒரே அளவு மின்னூட்டம் போகிறது. ஆனால் தரைப்பரப்பு குறைந்த தொட்டியில் அதே நீர் உயர்ந்து நிற்கும் அல்லவா? ஏதேனும் ஒன்று 2.7-ஐத் தாண்டினால் அதுவே நலிந்த தேக்கி. அதை மாற்றாமல் விட்டால் நாளடைவில் உப்பி ஒழுகும். உள்ளிருக்கும் திரவம் நச்சுத்தன்மை உள்ளது, தீயும் பற்றும். ஆகையால் தேக்கியைக் குத்துவதோ நெருப்பருகே வைப்பதோ கூடாது.

பயன்படுத்தும்போது

முதல்முறை காலியிலிருந்து நிரப்பப் பத்தரை நிமிடம் ஆகும். பிறகு ஒவ்வொரு முறையும் 6 நிமிடத்துக்குச் சற்று மேல். வோல்ட்மீட்டர் 12 காட்டினால் பாதிக்குச் சற்று மேலே மீதி உள்ளது. 10 காட்டினால் மூன்றில் ஒரு பங்கு. 8 காட்டினால் ஏழில் ஒரு பங்குதான். 6-க்கு அருகே வரும்போது ஒலி விட்டுவிட்டு வரும். அப்போது ஸ்விட்சை அணைத்துவிடவும். முழுதும் காலியானாலும் பேட்டரியைப்போல் கெட்டுவிடாது.

பாட்டு நின்றாலும் புளூடூத் பலகை மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். அணைக்காமல் விட்டுப் போனால் மறுநாள் காலையில் காலியாக இருக்கும். அணைத்து வைத்தாலும் தேக்கிக்குள்ளேயே சிறிது கசிவு உண்டு என்பதால், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் மட்டம் குறைந்திருக்கும். மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். அலைபேசி சுமார் 10 மீட்டருக்குள் இருக்கவேண்டும். இடையில் ஆட்கள் நின்றாலோ நனைந்த வைக்கோல் போர் இருந்தாலோ இந்தத் தூரம் குறையும்.

கொட்டகையில் மின்சாரம் இல்லாதவர் 12 வோல்ட் வகை, 20 வாட் சூரியத் தகடு ஒன்றை அடாப்டருக்குப் பதிலாக இணைக்கலாம். அப்போது ஆம்பியரை 0.75 ஆகக் குறைத்து வைக்கவும். நல்ல வெயிலில் 17 நிமிடம் பிடிக்கும். தேக்கி 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எக்ஸ்.எல். 4015 பலகை தடுமாறும். எனவே தகட்டை நம்பியிருப்பவர் 9 வோல்ட்டிலேயே நிறுத்தி நிரப்பிக்கொள்வது நல்லது.

பழுது பார்க்கத் திறப்பதற்கு முன்

15 வோல்ட் ஆளைத் தாக்காது. அதனால்தான் அலட்சியம் வருகிறது. நிரம்பிய தேக்கியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஸ்க்ரூடிரைவர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, முனை உருகி ஒட்டிக்கொள்ளும். விரலில் மோதிரமோ கையில் வளையலோ குறுக்கே பட்டால் அது பழுக்கக் காய்ந்து தசையைச் சுட்டுவிடும். ஆகவே மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

திறந்ததும் முதல் வேலை தேக்கியைக் காலியாக்குவது. டிராக்டர் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கவும். பளிச்சென்று எரிந்து, சிவந்து, அணையும். அணைந்த பின்னும் உள்ளே ஓரிரு வோல்ட் மீதி இருக்கும். எனவே மேலும் கால் மணி நேரம் அப்படியே விட்டு, மீட்டரில் பார்த்த பின்னரே கை வைக்கவும். கழற்றி எடுத்து வைக்கும் கட்டில் வோல்ட் தானாகச் சிறிது மேலே வரும். அதற்கு ஒவ்வொரு தேக்கியின் இரு முனைகளையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.